படத்துக்குப் பின்னால் பேர் இல்லை

இந்த இதழ் அட்டையில் ஒரு படம் போடுவதாக இருந்தோம். போடவில்லை. ஏன் என்று சொல்லியாகணும்.

1876-78, தாது வருசப் பஞ்சம். சென்னை மாகாணப் பட்டாளத்து அதிகாரி வில்லபி வாலஸ் ஹூப்பர், பட்டினியில் வற்றிய சனங்களைக் கும்பல் கும்பலாக வைத்து வரிசையாகப் படம் எடுத்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். பெரியவர்களோடு சின்னப் பிள்ளைகள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் உருவம் விழ, சில நொடியாவது அசையாமல் இருக்கணும். எந்தப் பிள்ளை அப்படி இருக்கும்? இவை இருந்திருக்கின்றன. அசையத் தெம்பில்லை.

எடுத்தவர் பேர் தெரியும், பதவி தெரியும். பிள்ளையின் பேரோ ஊரோ படக்குறிப்பில் இல்லை.

மழை மட்டும் கொன்ற பஞ்சமல்ல அது. தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்றார். அரைக் கிலோகூட இல்லை. அதிகம் செத்தது நிலமில்லாத கூலிச் சனங்கதான். படூருக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயில், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. கால்வாய்க்கு வைத்தது கவர்னர் பேர்.

பிழைத்தவர்களுக்கும் நிலமில்லை. அதைச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பறிபோன அந்த நிலத்தைக் காரணையில் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை. இவங்க பேரைச் சொல்கிறோம். அதனால் போராளிகளாக நிற்கிறார்கள். சொல்லாவிட்டால் இதுவும் வெறும் பிணப்படம்.

நாமும் யோக்கியமில்லை. எரிந்த குடிசை முன்னால் அழும் பிள்ளையைச் சுவரொட்டியில் அச்சடிக்கிறோம். யார் வீட்டுப் பிள்ளை, இப்போ பள்ளிக்கூடம் போகுதா, திரும்பிப் போய்க் கேட்டோமா? நானும் கேட்டதில்லை. ஹூப்பருக்கும் நமக்கும் வேறென்ன வித்தியாசம்?

மாணவத் தோழர்களே, சேரியில் போனைத் தூக்குமுன் கேளுங்க. பேர், ஊர், தேதி எழுதி வையுங்க. பேர் வெளியே போனால் பிள்ளைக்கு ஆபத்தென்றால் அச்சிட வேண்டாம், மறக்கவும் வேண்டாம். ஒரு பிரதியை அந்த வீட்டுக்குக் கொடுங்க.

அந்தப் பஞ்சத்துப் பிள்ளைக்கு இனி பேர் கிடைக்காது. அதனால்தான் இந்த அட்டை வெறுமையாக வருகிறது.