கைப்பழக்கமே மூலதனம்

பெங்களூருவின் பென்சன் டவுனை அடுத்த பாட்டரி டவுனில், தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாக மண்ணை வனைந்து வருகின்றன. மெட்ரோ சுரங்கத் தடத்தின் நிலையம் ஒன்றுக்கும் அப்பகுதியின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பெயர் நிலைத்துவிடும், தொழில் நிலைக்குமா?

புதுச்சேரி வில்லியனூரில் குயவர் குடும்பத்தில் பிறந்த வி.கே. முனுசாமி, சுடுமண் கலைக்காக 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இத்தகைய கலைஞர்களின் முதல் பள்ளி வீட்டு முற்றமே. களிமண்ணை மிதித்துப் பதம் பார்ப்பதும், அளவறிந்து மணல் சேர்ப்பதும் விளையாட்டோடு படிந்த பாடங்கள். அய்யனார் குதிரையின் உடலை உள்ளீடற்றதாக வனைவதேன்? மண் சீராக உலரவும், சூளையில் வெடிக்காதிருக்கவுமே. இதை ஏட்டில் படிக்கலாம். கைக்குப் பழக்கப் பல்லாண்டுகள் வேண்டும். மெருகுப் பூச்சும் உயர்வெப்பச் சூளையும் கலைக்கல்லூரி தரும் செல்வங்கள். அவை அந்தப் பழக்கத்தின்மேல் அமையும்போதே படைப்பு தனித்துவம் பெறுகிறது.

2023-இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம், தகுதியுள்ள குயவர்களுக்கு ஈடின்றி, இரு தவணைகளாக 3 லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் கடனுக்கு வகை செய்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் கடன் சக்கரத்தை வாங்கித் தரும். கைப்பழக்கத்தை வாங்கித் தராது.

பிறப்பால் ஒருவரைத் தொழிலில் கட்டிவைப்பதும் முறையன்று. குயவரின் பிள்ளை பள்ளிக்குச் செல்லட்டும்; அப்பள்ளிக்கு ஊதியம் பெறும் ஆசிரியராகக் குயவரும் வரட்டும். அப்போது இக்கலை ஒரு குலத்தின் சுமையாக இராது. விரும்பும் குழந்தை ஒவ்வொன்றின் உரிமையாகும்.