குறையைத் துருவுவதா, உயிரைக் காப்பதா?

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் அன்றாடம் வந்து இறங்கும் ஆயிரக்கணக்கானோரில், சொந்த ஊரில் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்றஞ்சி, எச்.ஐ.வி மருந்துக்காகக் கோவைக்கு வருவோரும் இருக்கக்கூடும். அவர்களுள் நம் வீட்டுப் பிள்ளை ஒருவனும் இல்லை என்று எந்தத் தாயால், எந்த ஜமாஅத்தால் உறுதியாகக் கூற இயலும்?

இது நாம் பேசத் தயங்கும் பொருள். ஆணும் ஆணும் கொள்ளும் உறவை மார்க்கம் தடுத்துள்ளது. அதில் நமக்கு மயக்கம் இல்லை. ஆனால் ஒரு செயலைப் பற்றிய தீர்ப்பு வேறு, நோயுற்ற மனிதனுக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் உயிர்கள் போகின்றன.

நம் நாட்டில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி தொற்று ஏறத்தாழ 0.2 சதவீதம். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 3 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவ்வகை உறவில் கிருமி எளிதில் உடலுக்குள் புகுவது ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். 2001ஆம் ஆண்டு லக்னோவில், இத்தகைய ஆண்களிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்தவர்களையே காவல்துறை கைது செய்து, ஆறு வாரங்களுக்கும் மேலாகச் சிறையில் வைத்தது. உதவ வந்தவருக்கே சிறை என்றால், உதவி தேவைப்பட்டவர் எப்படி வெளியே வருவார்? வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் அச்சம் நீங்கியது. வீட்டின் அச்சம் நீங்கவில்லை.

அந்த அச்சம் மிகுதியாக வெளிப்படுவது நிக்காஹ் பேச்சில்தான். மகனின் நாட்டம் ஆண்கள்பால் என்று அறிந்ததும், “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறோம். அவனும் வாய்திறக்க முடியாமல் தலையாட்டுகிறான். பரிசோதனை செய்துகொள்ளாத அவனிடம் தொற்று இருந்தால், ஏதும் அறியாத ஒரு பெண்ணும் பிறக்கப்போகும் குழந்தையும் அதற்கு இரையாகலாம். இது அவனுக்குச் செய்யும் நன்மையும் அன்று. பிறர் வீட்டு மகளுக்குச் செய்யும் நீதியும் அன்று. தொற்றை அறிந்தும் மறைத்து மணம் முடிப்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் உண்மையைச் சொல்பவனை வீட்டை விட்டுத் துரத்துவோமெனில், யார் உண்மை சொல்வார்? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், அவர் நிலையை வெளியிடுவதையும், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் அவரை ஒதுக்குவதையும் தடுக்கிறது. சட்டம் இன்று சொல்வதை மார்க்கம் முன்பே நமக்குக் கற்றுத்தந்துள்ளது. பிறர் குறையைத் துருவுவதும் புறம்பேசுவதும் குர்ஆன் தடுத்தவை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நோயாளியை நலம் விசாரிப்பதும் ஜனாஸாவில் பங்கேற்பதும் ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமைகள். நோய் வந்த வழியைக் கேட்டறிந்த பின்னரே அவ்வுரிமைகளை வழங்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

இன்று எச்.ஐ.வி மரண ஓலை அன்று. அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசம். அதைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. உடன் உண்பதாலோ கை குலுக்குவதாலோ அது எப்போதும் பரவியதில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளை தயங்கித் தயங்கிப் பேச வரும்போது முதலில் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அவன் விரும்பினால் உடன் செல்லுங்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நிக்காஹ் பேச்சை அதுவரை நிறுத்தி வையுங்கள். அவன் சொன்னதை உறவினரிடம் கொண்டு செல்லாதீர்கள். அவனது கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். நோயுற்றவனை நாம் எப்படி நடத்தினோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும்.