வாடைக்கு முகம் கொடுத்து



ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களின் கூட்டம் மெல்லக் கரையும். கரையாமல் நிற்கிற சிலரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதத் தோன்றியது. மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டினால் அதற்கு அல்ட்ரா என்று பெயர். அந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் நம் பக்கத்திலும் பெருகி வருகிறார்கள். மாமல்லபுரத்தில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய், கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் பஸ்ஸில் போய் வரவே அலுத்துக்கொள்வார்கள்.

மழைக்கால ஓட்டத்தில் கடற்கரைக்காரர்களுக்கு மட்டுமே பிடிபடுகிற ஒரு சூட்சுமம் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசும். மாமல்லபுரத்திலிருந்து சாலவான்குப்பம், பட்டிபுலம், கோவளம் என்று வடக்கே ஓடினால் அது முகத்திலும் வலது கன்னத்திலும் அறையும். மழைத்துளி மணல் மாதிரி குத்தும். கல்பாக்கம் பக்கம் தெற்கே ஓடினாலோ முதுகைத் தள்ளிவிடும். புதிதாக வருகிறவர்கள் தெற்கே பறந்து போய், ‘இன்றைக்குக் கால் நன்றாக இருக்கிறது’ என்று மகிழ்ந்து, திரும்பும்போது பாதி வழியில் சுருண்டுவிடுகிறார்கள். பழகியவர்கள் தெம்பு இருக்கும்போதே வடக்கே போய் எதிர்க்காற்றை முடித்துக்கொள்வார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காற்றே கொண்டுவந்து விடும்.

எங்கள் இதழின் பக்கங்களை வடிவமைக்கும் தம்பி, மழைக்குக் கரையாத ரகம்தான். போன கார்த்திகையில் செங்கல்பட்டு வரை போய்வருகிறேன் என்று மழையில் கிளம்பினார். கால் விரல் இடுக்கிலும் அக்குளிலும் வாசலின், பாலிதீன் கவரில் சுற்றிய மாற்று சாக்ஸ், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, நெல்லிக்காய் அளவு புளி. திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸைப் பிழிந்திருக்கிறார். ஊறிய பாதம் வெளுத்து, சுருங்கி, கட்டை விரலோரம் கொப்புளம் கிளம்பியிருந்தது. டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, “ஏன் தம்பி, பஸ் ஓடலியா இன்னிக்கி?” என்றாராம். “ஓடுதுண்ணே. முடியலைன்னா ஏறிக்கலாம்னுதான் இந்த ரோட்டுல வந்தேன்” என்று இவர் சொல்லியிருக்கிறார். செங்கல்பட்டு வரை ஓடியவர், இடி கேட்டதும் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்துவிட்டார். திங்கட்கிழமை அலுவலகத்தில் கொஞ்சம் கேலி செய்தோம். எனக்கென்னவோ அந்த பஸ் டிக்கெட்டை மெடலுக்குச் சமமாக மதிக்கத் தோன்றுகிறது.

காரணம் இருக்கிறது. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். நண்பகல் நெருங்கும்போது ஆலங்கட்டி, உறைய வைக்கும் மழை, சூறைக்காற்று. பலர் மெல்லிய அரைக்கை பனியனில் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை. 21 பேர் உடல் சூடு இழந்து இறந்தார்கள். அந்த நாட்டின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். ஆடு மேய்க்க வந்த ஒருவர் ஆறு பேரைத் தன் குகைக்கு இழுத்துப் போய், தீ மூட்டிக் காப்பாற்றினார்.

நமக்குக் குளிர் அந்த அளவுக்கு எதிரி இல்லை. மழைக்கு முந்தைய புழுக்கம்தான் ஆளை அடிக்கும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலராது. உலராவிட்டால் உடம்பு குளிராது. தாகம் என்று வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்து, தலை சுற்றி, குழப்பம் வரும். உப்புப் போட்ட மோர் இதற்காகத்தான். மழை பிடித்தபின் ஓட்டம் சுகம். நின்றால்தான் நடுக்கம், நனைந்த சட்டையோடு வாடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இடி கேட்டால் பனைமரத்தடியும் சவுக்குத்தோப்பும் ஆகாது. கட்டடத்துக்குள் போங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

புயல் என்றால் பேச்சே இல்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. எச்சரிக்கை வந்ததும் படகை மேட்டில் ஏற்றிவிட்டு வீட்டில் உட்காருகிற மீனவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்பதில்லை. ஓடுகிற நம் பிள்ளைகள் மட்டும் ‘பாதியில் விட்டவன்’ என்ற பட்டத்துக்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள்?

இதனால் மழையில் ஓடாதீர்கள் என்கிறேன் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் பென்னைன் வழியில், மரமே இல்லாத சேற்றுப் புல்மேடுகளில், ஜனவரிக் குளிரில் 431 கிலோமீட்டர் ஓடும் ஸ்பைன் பந்தயம் நடக்கிறது. 2019-இல் அதை ஆண்களையும் முந்தி வென்றவர் ஜாஸ்மின் பாரிஸ். 83 மணி நேரம் 12 நிமிடம். கைக்குழந்தைக்காக வழியிலிருந்த நிலையங்களில் தாய்ப்பாலைக் கறந்து எடுத்துக்கொண்டே ஓடினார். அவருடைய பிடிவாதத்துக்குப் பின்னால் தூக்கம், உணவு, உடை ஒவ்வொன்றிலும் கணக்கு இருந்தது.

கார் ஓட்டும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே விடியலில் போகிறவர்கள், தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஓரத்தில் நனைந்தபடி ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். எதிரே உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தில் அவருக்குக் குழி தெரியாது.

அன்புடன்,
ஆசிரியர்