பட்டப்பெயர்

கல்லூரியில் சேர வரும்போது மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் மட்டுமா கொண்டு வருகிறோம்? பள்ளி நாட்களில் பட்ட காயங்களையும் அல்லவா சுமந்து வருகிறோம்! உடலில் பட்ட அடி ஆறிவிடும். 'கருவாயன்', 'குண்டோதரன்', 'ஒட்டடைக்குச்சி' என்று நாள்தோறும் கேட்ட ஏளனம் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை.

"விடலைப் பிள்ளைகளின் விளையாட்டைப் பெரிதுபடுத்தலாமா?" என்பார் உண்டு. அவர்களுக்கு ஆய்வுகளே விடை கூறும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பேரை 9 வயது முதல் 16 வயது வரை பலமுறை கண்டு பேசினர். இருபதுகளின் நடுவிலும் மீண்டும் ஆராய்ந்தனர். சக மாணவரின் கொடுமைக்கு ஆளானவர்களிடம் ஓயாத பதற்றமும், திடீர்ப் பீதியும், வெளியே செல்ல அஞ்சும் நிலையும் மிகுந்திருந்தன என்பது 2013இல் வெளிவந்த முடிவு. குடும்பத்தின் இன்னல்களைக் கணக்கில் கொண்ட பின்னும் அம்முடிவு மாறவில்லை. பிரிட்டனில் 1958இல் பிறந்தோரைத் தொடர்ந்த ஆய்வோ, சிறுவயதில் அடிக்கடி கொடுமைப்பட்டவர்களிடம் 50 வயதிலும் மன உளைச்சல் மிகுந்திருந்ததை 2014இல் எடுத்துக்காட்டியது.

இவற்றைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. ஒன்பதாம் வகுப்பில் என் திக்குவாய் வகுப்பு முழுவதற்கும் வேடிக்கைப் பொருளாயிற்று. இன்று பேச்சு பெரிதும் சீராகிவிட்டது. ஆயினும் வருகைப் பதிவின்போது என் எண் நெருங்க நெருங்க உள்ளங்கை வியர்க்கிறது. 'உள்ளேன் ஐயா' என்னும் இரண்டே சொற்கள் தொண்டையில் சிக்குகின்றன. 'நான் யார்?' என்று மனம் தேடும் பருவத்தில் நண்பர் கூட்டமே நமக்குக் கண்ணாடி. அக்கண்ணாடி காட்டிய கோணல் முகத்தையே நம் முகமென்று நம்பிவிடுகிறோம்.

பகடிவதையைத் தடுக்கத் தமிழக அரசு 1997இல் சட்டம் இயற்றியது. சட்டம் ஓங்கிய கையைத் தடுக்கும். சுற்றி நின்று சிரிக்கும் சிரிப்பைத் தடுக்குமா? கேலி பேசுபவன் ஒருவன். சிரிப்பவர் பத்துப் பேர். அந்தச் சிரிப்பே அவனுக்குக் கூலி. கூலியை நிறுத்தினால் தொழிலும் நின்றுவிடும்!

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாய் திறவாத மாணவன் திமிர் பிடித்தவன் அல்லன், மந்தபுத்திக்காரனும் அல்லன். அவனை வகுப்பின் நடுவே எழுப்பி வினவாமல், தனியே அழைத்து இரண்டு சொல் கேளுங்கள். துயரம் தாளாதவர்கள் எந்நேரமும் பேசலாம். 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

தோழர்களே! மூன்றாண்டு முடிவில் நாம் பட்டம் பெறப் போகிறோம். எவருக்கும் பட்டப்பெயர் சூட்டாமல் அப்பட்டத்தைப் பெற்றுச் செல்வோம்!