அட்ஜஸ்ட் பண்ணிக்கோ... எதை?

நெமிலிச்சேரியில் காலை நேர எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுகிற எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஆங்கில வினைச்சொல் ‘அட்ஜஸ்ட்’. மூணு பேர் சீட்டுப் பக்கம் வந்து நின்று “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றால் போதும், நாலாவது ஆளுக்கு இடம் கிடைத்துவிடும். நல்ல விஷயம்தான். சொல்லின் வேரும் அதுதான்: லத்தீனில் ‘யுக்ஸ்தா’ என்றால் ‘பக்கத்தில்’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இப்போது நம்ம ட்ரெயினிலும் ஏறிவிட்டது.

என் பிரச்சினை ட்ரெயினோடு இல்லை மக்களே. அதே சொல் வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் வரும்போதுதான்.

நம்ம பாடங்களில் இந்தச் சொல்லை யாரும் சும்மா விடுவதில்லை. மெக்கானிக்கல் பசங்களைக் கேளுங்க. டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண ஃபீலர் கேஜ் வேணும். எவ்வளவு இடைவெளி என்று மேனுவலில் இருக்கும். இடைவெளியே விடாமல் இறுக்கினால் வால்வு முழுசா மூடாது, கடைசியில் கருகிப்போகும். சிவில் பசங்க தியோடலைட்டை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சென்டர் பண்ணி, லெவல் பார்ப்பது டெம்பரரி அட்ஜஸ்ட்மென்ட். கருவியின் அச்சுகளையே சரிசெய்வது பர்மனென்ட் அட்ஜஸ்ட்மென்ட். இரண்டையும் குழப்பினால் வைவாவில் மாட்டிக்கொள்வோம்.

ஆங்கிலத்திலும் இந்த வினை தனியாக நிற்பது குறைவு. கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணலாம், வால்யூமை அட்ஜஸ்ட் பண்ணலாம். அல்லது இருட்டுக்குக் கண் அட்ஜஸ்ட் ஆகலாம். எதை, எதற்கு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வாக்கியத்திலேயே பதில் இருக்கும்.

நாம் அந்தப் பதிலைக் கழற்றிவிட்டு, தமிழிலிருந்து ஒரு சின்ன வாலை ஒட்டினோம்: ‘கொள்’. “பண்ணு” என்றால் ஏதோ ஒரு பொருளைச் சரிசெய்வது. “பண்ணிக்கோ” என்றால் சரிசெய்ய வேண்டிய பொருளே நீதான். ஹாஸ்டலில் தண்ணி வரலையா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. புராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க ஒரே பொண்ணு டைப் பண்றாளா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கல்யாணமாகிப் போன இடத்தில் பிரச்சினையா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மா. கவனிச்சுப் பாருங்க, இது மேலிருந்து கீழேதான் வரும். வார்டனைப் பார்த்து எந்த ஸ்டூடன்ட்டும் இதைச் சொன்னதில்லை.

இதன் உச்சத்தை மலையாள சினிமா பற்றிய நீதிபதி ஹேமா கமிட்டி அறிக்கையில் பார்க்கலாம். 2017-ல் கேரள அரசு அமைத்த கமிட்டி 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, 2024 ஆகஸ்ட்டில்தான் சில பகுதிகள் நீக்கப்பட்டு வெளியே வந்தது. வாய்ப்பு கேட்கும் பெண்களிடம் பாலியல் இணக்கத்தைக் கேட்க அங்கே புழங்கும் சொற்களாக அது குறிப்பிடுபவை இரண்டு: ‘காம்ப்ரமைஸ்’, ‘அட்ஜஸ்ட்மென்ட்’. சீட்டில் இடம் கேட்ட அதே சொல்! கேட்பவருக்குக் கூச்சமில்லை, புகார் சொல்பவர்தான் “அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதவர்” ஆகிறார்.

இந்தச் சொல்லையே விட்டுவிடச் சொல்லவில்லை, அது நடக்கவும் நடக்காது. ஆனால் தமிழில் இதற்குத் தனித்தனியாக வினைகள் இருக்கின்றன: தள்ளி உட்கார், விட்டுக்கொடு, பொறுத்துக்கொள், சமாளி, அடங்கிப் போ, வாயை மூடு. எல்லாவற்றையும் ‘அட்ஜஸ்ட்’ விழுங்கிவிட்டதால், எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமலே தலையாட்டுகிறோம்.

அதனால் ஒரு வேலை செய்யுங்க. அடுத்த முறை யாராவது உங்களை அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னால், மனசுக்குள் அதைத் தமிழாக்குங்க. “தள்ளி உட்கார்” என்று வந்தால் சிரித்துக்கொண்டே நகருங்க. “இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்” என்று வந்தால், ஒரு வாரம்தானா என்று கேட்டுவிட்டுப் பொறுக்கலாம். “வாயை மூடு” என்று வந்தால், அதற்கு ‘முடியாது’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது.