உண்ணத் தகாத மீனா?



உயிர்த்த ஆண்டவருக்குச் சீடர்கள் உண்ணக் கொடுத்தது ஒரு மீன் துண்டு. திபேரியக் கடற்கரையில் அவரே கரிநெருப்பு மூட்டி, மீன் வைத்து, அவர்களுக்காகக் காத்திருந்தார். நற்செய்தியில் மீன் எளியோரின் உணவு. இன்றைய உலக வணிகக் கணக்கேட்டிலோ மீன் தூள் 'மனிதர் உண்ணத் தகாதது' என்ற தலைப்பில் கப்பலேறுகிறது. தூளானபின் அது உண்ணத் தகாததுதான். தூளாகுமுன் அது என்னவாக இருந்தது என்பதே நம் கேள்வி.

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022-இல் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் டன் மீன், தூளாகவும் எண்ணெயாகவும் மாற்றப்பட்டது. மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு பெரு. மிகுதியாக வாங்கும் நாடு சீனா. 2023-இல் எல் நினோவால் கடல் சூடேறி, குஞ்சு மீன்களே அதிகம் அகப்பட்டதால், பெரு தன் வட, மத்திய கடற்பகுதியில் ஆண்டின் முதல் நெத்திலிப் பருவத்தையே ரத்து செய்தது. உலகச் சந்தையில் விலை எகிறியது.

நம் மனத்தை அதிகம் வருத்துவது மேற்கு ஆப்பிரிக்கா. மவுரித்தானியா, செனகல், காம்பியா கடற்கரைகளில் மீன் தூள் ஆலைகள் பெருகிவிட்டன. அங்கே அரைக்கப்படுவது நம் சாளைக்கும் சூடைக்கும் உறவான மீன். அதைப் புகையில் வாட்டி, உள்நாட்டுச் சந்தைகளில் மலிவாக விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் கடற்கரைப் பெண்கள். ஆலைக்காரர் மொத்தமாக வாங்கும்போது கூடையோடு நிற்கும் இவர்களால் போட்டியிட முடிவதில்லை. ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். ஆண்டுக்கு 5 இலட்சம் டன்னுக்கும் மேலான மீன் இவ்வாறு போகிறது, அது 3 கோடியே 30 இலட்சம் பேருக்கு உணவாகும் என்று கிரீன்பீஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

ஆலைகளால் மீனவருக்கு உறுதியான விற்பனை கிடைக்கிறதே என்பர். உண்மைதான். பதப்படுத்தும் கூடங்களில் மிஞ்சும் தலை, எலும்பு, குடலிலிருந்தும் தூள் செய்கிறார்கள். உலக உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதே. அதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். மனிதர் தட்டில் விழவேண்டிய முழு மீன் அரைவைக்குப் போவதுதான் உறுத்துகிறது. படைப்பின் பலன்கள் எல்லாருக்கும், முதலில் ஏழைகளுக்கு உரியவை என்பது திருஅவையின் பழைய போதனை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் அதை மீண்டும் வலியுறுத்தினார். கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பையும் அதே மடலில் கண்டித்தார்.

இது எங்கோ தொலைவில் நடப்பதென நாம் ஒதுங்கவும் முடியாது. நம் நாட்டு இறால் பண்ணைகளின் தீவனத்திலும் மீன் தூள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒறுத்தலாக இறைச்சியை விலக்கி, சந்தையில் பண்ணை இறால் வாங்குகிறோமே, அந்த இறால் தின்று வளர்ந்ததும் மீனைத்தான்.