காற்றைத் தடுக்கும் கண்ணாடி

சித்திரை மாதத்தில் ஒரு நாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பிக்குச் சிதம்பரத்தில் உத்தியோகம். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவன், ஆகையால் நாள்தோறும் மோட்டார் சைக்கிளிலேயே போய் வருகிறான். போவதற்குச் சுமார் 45 கிலோமீட்டர், வருவதற்கு அதே அளவு.

அன்று மாலை ஏழரை மணிக்கு வண்டியை வாசலில் நிறுத்தியவன் உள்ளே வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"ஒன்றுமில்லை அக்கா. ஒரு லாரி தாண்டிப் போயிற்று, அவ்வளவுதான்" என்றான்.

அவ்வளவுதான் என்று அவன் சொன்னதை அவன் மனைவி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஒரு டம்ளர் மோர் உள்ளே போன பிறகு மெதுவாக விஷயம் வந்தது. ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் லாரி ஒன்று இவனை முந்தியிருக்கிறது. அது பக்கத்தில் வந்த நிமிஷத்தில், இவன் திருப்பாமலே வண்டி லாரியின் பக்கமாகச் சாய்ந்து போயிருக்கிறது. ஒரு சாண் இடைவெளியில் தப்பினான். இரண்டு வாரத்துக்கு முன்புதான் வண்டிக்குப் புதிதாகப் பெரிய விண்ட்ஷீல்டு ஒன்று வாங்கிப் பூட்டியிருந்தான். பார்ப்பதற்கு ராஜ கம்பீரம்! தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

சகோதரிகளே, "சமையலறையை விட்டு இவள் எதற்கு மோட்டார் சைக்கிளுக்கு வந்தாள்?" என்று நினைக்காதீர்கள். கணவரோ, பிள்ளையோ, இந்தக் காலத்தில் நீங்களேயோ, யாராவது ஒருவர் இரண்டு சக்கர வண்டியில் போகாத வீடு எது? விண்ட்ஷீல்டு வாங்குவதைக் கடைக்காரரிடமும் வாலிபர்களின் அழகுணர்ச்சியிடமும் முழுக்க விட்டுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் லாரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் சிதம்பரம் சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. சாலைக்குக் கிழக்கே கடல். கோடையில் நடுப்பகலுக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் இரவு வரை ஓயாது. மாலையில் வடக்கு நோக்கி வீடு திரும்புகிறவனுக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். கீழே விழாமல் இருக்க, அவன் தன்னை அறியாமலே வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துத்தான் ஓட்டுவான். லாரி வலப்பக்கமாக முந்தும்போது ஒரு சுவர் போல நின்று காற்றை மறைத்துவிடுகிறது. காற்று நின்றது, சாய்வு நிற்கவில்லை. வண்டி லாரியை நோக்கிப் போகிறது. லாரி தாண்டியதும் காற்று மறுபடி ஓங்கி அறைந்து, சாலையோரத்துக்குத் தள்ளுகிறது.

விண்ட்ஷீல்டு இல்லாத வண்டிக்கும் இது உண்டு. ஆனால் கைப்பிடியில் பூட்டிய பெரிய, அகலமான கண்ணாடி ஒரு பாய்மரம் மாதிரி. அதன் மேல் விழும் பக்கக் காற்று நேராகக் கைப்பிடியைத் திருப்பப் பார்க்கும். கனத்த புல்லட் வண்டி ஓரளவு தாங்கும். நூறு கிலோவும் கொஞ்சமும் எடையுள்ள சிறிய வண்டியும் ஸ்கூட்டரும் என்ன செய்யும்? கடலோர ஊர்க்காரர்கள் சின்னதாக, ஒடுக்கமாக, ஓரங்கள் பின்பக்கம் வளைந்ததாகப் பார்த்து வாங்குவதே நல்லது. புயற்காற்றுக்கு எந்தக் கண்ணாடியும் பதில் சொல்லாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி நாளில் வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்படியானால் விண்ட்ஷீல்டே வேண்டாமே என்கிறீர்களா? வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நெஞ்சைத் தள்ளும் பலம் நாலு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் விசிறி மாதிரி இருக்கும் காற்று, 80-ல் மல்யுத்தக்காரன் மாதிரி இருக்கும். தினமும் இரண்டு வேளை அதனோடு மல்லுக்கட்டி வருகிறவருக்குக் கழுத்தும் தோளும் வலிக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் சிடுசிடுக்கிறாரே, அதிலும் காற்றுக்குப் பாதிப் பங்கு இருக்கலாம். அந்தி வேளையில் வயல்களிலிருந்து கிளம்பும் பூச்சிகள் வேறு.

1948-ல் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து உப்புவெளியில் ரோலி ஃப்ரீ என்ற வீரர், இந்தக் காற்றை ஏமாற்றுவதற்காக நீச்சல் உடையோடு வண்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டினார். நம் வீட்டு ஆண்கள் அந்த உடையில் ஆபீசுக்குப் போக முடியாது. அதனால் கண்ணாடி.

சரி, எவ்வளவு உயரம்? தம்பி இடறியது இங்கேதான். அவன் வாங்கிய கண்ணாடியின் மேல் விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேரே நின்றது. சாலையின் நடுவில் எந்நேரமும் ஒரு கோடு! கோடை மழை பெய்த ஒரு நாள், முத்து முத்தாகத் துளி ஒட்டிய கண்ணாடி வழியாக எதுவும் தெரியாமல் எக்கி எக்கிப் பார்த்தபடி வந்தானாம். காருக்குத் துடைப்பான் உண்டு, இதற்கு ஏது? இரவில் எதிரே வரும் விளக்கு பட்டால் கண்ணாடியிலுள்ள கீறல் ஒவ்வொன்றும் மின்னும்.

ஆகவே கண்ணாடியின் வழியாகப் பார்க்கக் கூடாது, அதற்கு மேலே பார்க்க வேண்டும். விளிம்பு மூக்கு நுனி உயரத்தில் நின்றால் போதும். அதன் மேல் மோதி எழும்பும் காற்று தலைக்கு மேலே போய்விடும். ரொம்பவும் தாழ்ந்து போனாலும் தொல்லைதான். புரண்டு வரும் காற்று ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கும், காதில் இரைச்சலும் அதிகம். கண்ணாடிக்குக் கீழே கொஞ்சம் சந்து விட்டால் அந்த உலுக்கல் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இதை அளக்க நாங்கள் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய தினசரிக் காலண்டரின் அட்டை ஒன்றை எடுத்தோம். தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டு போடாத வண்டியில் வழக்கமாக உட்காருகிற மாதிரி, நிமிராமல் கூனாமல் உட்கார்ந்தான். அவன் மனைவி முன்னால் நின்று அட்டையை ஏற்றி இறக்கிப் பிடித்தாள். அட்டைக்கு மேலே தெருக்கோடி முழுக்கத் தெரிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கடைக்கு அந்த அட்டையையே கொண்டுபோகச் சொன்னேன். அவனுக்கு வெட்கம். ஆனாலும் கொண்டுபோனான்.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர இது பிளாஸ்டிக்தான். இரண்டு ஜாதி உண்டு. அக்ரிலிக் தெளிவாக இருக்கும், சுலபத்தில் கீறல் விழாது. ஆனால் பலமாக அடிபட்டால் துண்டு துண்டாக உடையும். பாலிகார்பனேட் அப்படி உடையாது, அடியை வாங்கிக்கொள்ளும். மேல் பூச்சு இல்லாவிட்டால் மட்டும் எளிதில் கீறும். ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமல் 1953-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். முகத்துக்கு எதிரே நிற்கப்போகிற பொருள். நாலு காசு கூடினாலும் கீறல் தாங்கும் பூச்சுள்ள பாலிகார்பனேட்டே என் ஓட்டு. கறுப்புச் சாயமிட்டது வேண்டவே வேண்டாம்.

பூட்டும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். உலோகம் நேராகப் பிளாஸ்டிக்கில் படாமல் நடுவில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். துளை ஆணியைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும், இடமில்லாவிட்டால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். நட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டாம். உப்புக் காற்று ஊரில் துருப்பிடிக்காத எஃகு ஆணியே கேளுங்கள். எல்லாம் முடிந்ததும் கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பச் சொல்லுங்கள். கண்ணாடி பெட்ரோல் டாங்கில் இடிக்கக் கூடாது, பிரேக், கிளட்ச் கம்பிகள் இழுபடக் கூடாது, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

துடைப்பது நம் இலாகா. காய்ந்த துணியால் ஒரு நாளும் துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணலே கீறிவிடும். ஈரத் துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி வைத்தால் பூச்சியெல்லாம் ஊறிக்கொண்டு வரும். பிறகு சோப்புத் தண்ணீர், பழைய மல் வேட்டித் துண்டு. பெட்ரோலும், ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற அமோனியா கலந்த திரவமும் பாலிகார்பனேட்டுக்கு விஷம்.

விண்ட்ஷீல்டு வந்துவிட்டது என்று ஹெல்மெட்டைப் பரணில் போட இடம் கொடுக்காதீர்கள். பின்னால் உட்காருகிற நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தம்பி இப்போது அட்டை அளவுக்குச் சின்னதாக ஒன்று பூட்டியிருக்கிறான். "லாரி தாண்டும்போது இன்னும் இழுக்கத்தான் செய்கிறது அக்கா, ஆனால் கைக்கு அடங்குகிறது" என்றான். லாரி வருவது பின்கண்ணாடியில் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்கிவிடுகிறானாம். எட்டு மணியானால் அவன் மனைவி வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதுதான் இன்னும் நிற்கவில்லை.

பழைய ராஜ கம்பீரக் கண்ணாடி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மாடியில் வடாம் காய்கிற தட்டின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். காக்கை கிட்டே வருவதில்லையாம்.